மழை நகரில் ஓர் இலையுதிர்காலம்

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் முதல் வாரத்தில் நான் நோர்வே நாட்டின் பேர்கன் நகரத்துக்குப் போனேன். ஊர் பார்க்கும் ஆசையில் போகவில்லை. அங்கே இருபத்துநான்கு வருடங்களாக வாழும் என் அக்கா ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் சொன்ன வார்த்தைதான் என்னைப் போக வைத்தது.

"இனி இருட்டுக்காலம் வருது பிள்ளை. போன வருசம் அதை எப்பிடிக் கடந்தனான் எண்டு எனக்கே தெரியேல்லை."

அத்தான் 2021ஆம் ஆண்டு மாரடைப்பால் காலமானார். ஒரே மகள் வேறு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அக்கா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை பேச ஆள் இல்லை. கிளிநொச்சியில் கணவரை இழந்த பெண்களோடு வேலை செய்யும் எனக்கு அந்தக் குரல் பழக்கமான குரல். ஆனால் அது என் அக்காவிடமிருந்து வந்தபோது நான் படித்த சமூகவியலும் பெற்ற பயிற்சியும் உதவவில்லை. சம்பளமில்லாத லீவு எடுத்தேன். ரிக்கற் காசை அக்காவே அனுப்பினார்.

விமானம் இறங்கும்போதே மழை. பேர்கன் ஏழு மலைகளுக்கு நடுவே கடலோரத்தில் இருக்கிற நகரம். கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் மோதி மேலே எழும்பிக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. ஒரு வருடத்தில் 2000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் 1200, 1300 மில்லிமீற்றர்தான் பெய்யும். அதிலும் பெரும்பகுதி மாரி மூன்று மாதத்துக்குள் பெய்து முடிந்துவிடும். 2006 ஒக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை இந்த நகரத்தில் ஒருநாள்கூட விடாமல் 85 நாட்கள் மழை பெய்ததாம். அதை அந்த ஊர்க்காரர்கள் ஒரு பெருமையோடுதான் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆறு பெரும்பொழுதுகள் என்று பாடமாக்கியது நினைவிருக்கும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். 'கூதலடிக்குது' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கூதல் இந்தக் கூதிரின் உறவுச் சொல்தான். எங்களுடைய கூதிரும் அவர்களுடைய இலையுதிர்காலமும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் வருகின்றன. எங்கள் மரங்கள் அப்போதுதான் துளிர்க்கின்றன. அவர்களுடைய பேர்ச் மரங்கள் மஞ்சளாகி ஒரு கிழமைக்குள் மொட்டையாகிவிடுகின்றன. நான் போனபோது பாதி இலை மரத்திலும் பாதி இலை றோட்டிலும் கிடந்தது. நனைந்த இலையில் வழுக்கி இரண்டாம் நாளே விழுந்தேன்.

அக்காவின் வீடு நகரத்துக்கு வெளியே ஒரு மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்தது. சுத்தமான வீடு. ஆனால் எல்லா யன்னல்களிலும் தடித்த திரைச்சீலை. பின்னேரம் ஆறு மணியானதும் அக்கா ஒவ்வொரு யன்னலாகப் போய்த் திரையை இழுத்து மூடி, ஓரத்தால் வெளிச்சம் வெளியே தெரிகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார். பிறகு குசினியில் ஒரு லைற், அவ்வளவுதான். எதிரேயுள்ள குடியிருப்பைப் பார்த்தால் ஒரு யன்னலிலாவது திரை மூடியிருக்காது. ஒவ்வொரு யன்னலிலும் ஒரு சிறு மேசைவிளக்கு அல்லது மெழுகுதிரி. மழைக்குள்ளே அந்தக் கட்டடம் முழுவதும் தேர் மாதிரித் தெரியும்.

"ஏன் அக்கா மூடுறியள்? அவையள் எல்லாம் திறந்துதானே வைச்சிருக்கினம்?" என்று கேட்டேன்.

"பழக்கம்" என்றார்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போன பிறகு எங்கள் வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரி. அக்கா அந்த வெளிச்சத்தில்தான் படித்தார். பொம்மர் சத்தம் கேட்டால் அதையும் நூர்த்துவிடுவோம். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சோறு தின்னக் கற்றுக்கொண்டது போலக் கற்றுக்கொண்ட பாடம். நான் அப்போது சின்னப்பிள்ளை, மறந்துவிட்டேன். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய கைகள் மறக்கவில்லை.

இதே விடயத்தை எங்கள் பெண்கள் குழுக்களிலும் கண்டிருக்கிறேன். இருட்டினால் கதவைப் பூட்டி, விளக்கை நூர்த்து, பிள்ளைகளை ஒரு மூலைக்குள் வைத்துக்கொண்டு இருக்கும் அம்மாமார் இன்றும் இருக்கிறார்கள். "வெளிச்சம் இருந்தா ஆம்பிளை இல்லாத வீடு எண்டு தெரிஞ்சிடும்" என்று ஒருவர் சொன்னார். அது வேறு பயம். ஆனால் இருட்டு ஒன்றுதான்.

கீழ் மாடியில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியே இருக்கிறார். ஓய்வுபெற்ற தாதி. பதினான்கு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் அக்கா அவரோடு 'காலை வணக்கம்' தவிர வேறு கதைத்ததில்லை. நோர்வேக்காரர் தாங்களாக வந்து கதவைத் தட்டுகிறவர்கள் அல்ல. நாங்களும் கூப்பிடாத வீட்டுக்குப் போகமாட்டோம். இரண்டு பக்கமும் மரியாதை பார்த்துப் பார்த்துப் பதினான்கு வருடம் போய்விட்டது. நான் கொண்டுபோன கறுவாப்பட்டையில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு, புதிதாக வந்தவளுக்கு வெட்கம் எதற்கு என்று நான்தான் போய்த் தட்டினேன். அக்கா பின்னால் இரண்டு படி தள்ளி நின்றார்.

அந்த அம்மா கறுவாவை வாங்கி மூக்கருகே பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றார். அங்கே கடைகளில் கறுவா என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் தடித்த பட்டையான கசியா. எங்கள் நாட்டுக் கறுவாவின் மெல்லிய சுருளும் வாசமும் வேறு. உள்ளே வாருங்கள் என்றார்.

அந்த அறையைப் பற்றித்தான் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரிய வீடுதான். ஆனால் அவர் குளிர்காலத்துக்கு ஓர் அறையை மட்டுமே பாவிக்கிறார். மற்ற அறைக் கதவுகளை மூடிவிடுகிறார். நோர்வேயில் மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்மின்சாரம். வீடுகளைச் சூடாக்குவதும் பெரும்பாலும் அதனால்தான். 2021இன் கடைசியில் இருந்து தெற்குப் பகுதிகளில் அதன் விலை கடுமையாக ஏறியதால், செலவில் ஒரு பகுதியை அரசு பொறுத்தும்கூட, ஓய்வூதியக்காரர்கள் கணக்குப் பார்த்துத்தான் சூடாக்குகிறார்கள். பணக்கார நாட்டிலும் ஒரு கிழவி கதவு மூடிச் சிக்கனம் பிடிக்கிறார் என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது.

அந்த ஓர் அறைக்குள் ஒரு சாய்மனை, அதன்மேல் அவர் தானே பின்னிய கம்பளிப் போர்வை. மேலே கண்ணைக் குத்தும் பெரிய விளக்கு எரியவில்லை. மூலைக்கு ஒன்றாகச் சின்ன விளக்குகள், மஞ்சள் வெளிச்சம். மேசையில் ஒரு மெழுகுதிரி. கோப்பி வாசம். யன்னலில் ஒரு விளக்கு, திரை இல்லை. வாசலில் ஈரச் சப்பாத்தைக் கழற்றி வைக்க ஒரு தட்டம். பக்கத்தில் வருகிறவர்களுக்கென்று ஒரு கூடை நிறையக் கம்பளிக் காலுறைகள். முதலில் காலைச் சூடாக்கு, பிறகு கதை என்றார்.

இதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. கூஸ். இதம், ஆறுதல், ஒன்றாக இருக்கும் சந்தோசம் எல்லாம் அதற்குள் அடக்கம். வீடு, சாப்பாடு, பின்னேரம், ஆட்கள் எல்லாவற்றையும் 'கூஸ்' என்பார்கள். எங்கள் ஊரில் மழைக்குள் அடுப்படியில் குந்தியிருந்து புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் கடித்துக்கொண்டு கதை கேட்போமே, அதற்கும் ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இல்லை.

அன்று அவர் வாஃபிள் சுட்டார். மா, முட்டை, பால், சீனி, உருக்கிய பட்டர், அதில் இடித்த ஏலக்காய். இரண்டு பக்கமும் சூடாகும் ஓர் அச்சில் ஊற்றினால் இதய வடிவத் துண்டுகளாக வேகும். நோர்வேக்காரர் பணிசுக்கும் வாஃபிளுக்கும் ஏலக்காய் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வாசம் வந்ததும் ஏதோ கோயில் மடப்பள்ளிக்குள் நிற்பது போல இருந்தது. மேலே மண்ணிறச் சீஸ் வைத்துத் தந்தார். பால் திரைந்த பின் வரும் தண்ணீரை மணிக்கணக்காகக் காய்ச்சி வற்றவைத்துச் செய்வது. பால்ரொபியில் உப்புப் போட்டது போல ஒரு ருசி. எனக்குப் பிடிக்கவில்லை; இரண்டு துண்டு தின்றேன்.

அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: "நீங்கள் தனியத்தானே இருக்கிறீர்கள்? யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த நாளிலும் மெழுகுதிரி ஏற்றுவீர்களா?"

அந்த அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. ஆம், இருட்டாக இருக்கிறதே என்றார்.

படியேறி வரும்போது அக்கா ஒன்றும் பேசவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்தபிறகு, "அவர் போன பிறகு நான் சுவாமி அறையில கூட விளக்குக் கொளுத்தேல்லை. ஆம்பிளை இல்லாத வீட்டில என்னத்துக்கு விளக்கு எண்டு இருந்திட்டன்" என்றார். அக்கா படித்தவர். நோர்வேயில் பாதி வாழ்க்கை வாழ்ந்தவர். தமிழ் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் போவதையும் நிறுத்திவிட்டார். யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. போனால் முன்வரிசையில் இருக்க ஒரு தயக்கம், பின்வரிசையில் இருக்க ஒரு கவலை, அதனால் போகாமலே விட்டாராம். பெண்களை ஒதுக்குவதற்கு ஊரில் ஆட்கள் தேவை. வெளிநாட்டில் நாங்களே அந்த வேலையைச் செய்துகொள்கிறோம்.

பகல் வேளைகளில் அக்கா வேலைக்குப் போக நான் ஊர் சுற்றினேன். துறைமுகத்தோரம் பழைய மரவீடுகள் சாய்ந்து சாய்ந்து ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும் பிரிக்கன் என்ற இடத்தை 1979இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பலமுறை எரிந்து, எரிந்த இடத்திலேயே திரும்பக் கட்டிய வீடுகள். 1918இல் இருந்து ஓடும் மலைரயிலில் ஏறினால் 320 மீற்றர் உயரத்தில் இருந்து முழு நகரமும் தெரியும் என்றார்கள். நான் ஏறிய அன்று முகில்தான் தெரிந்தது.

என்னை நிற்க வைத்தது ஒரு பாலர் பாடசாலை. கொட்டும் மழையில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் தலைமுதல் கால்வரை றப்பர் உடுப்பில் சேற்றுக் கிடங்குக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியையும் கூட நின்றார். உள்ளே கூப்பிட ஒருவரும் அவசரப்படவில்லை. மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்று வளர்ந்த எனக்கு நெஞ்சு பதறியது. உடுப்பில்தான் இரகசியம் என்றார் அக்கா. உடம்போடு ஒட்டிக் கம்பளி, அதற்குமேல் இன்னொன்று, வெளியே நீர் புகாத சட்டை. பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது. ஒக்டோபரில் இருந்து எல்லோரும் சட்டையிலும் பையிலும் வெளிச்சம் பட்டால் மினுங்கும் ஒரு பட்டியைத் தொங்கவிடுகிறார்கள். இருட்டில் வாகனக்காரருக்குத் தெரிவதற்கு. காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய். ஆங்கிலப் பெயரில் 'ஆர்' எழுத்து வரும் மாதங்களில், அதாவது செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை, குடிக்க வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு. வெயில் இல்லாத மாதங்களில் விற்றமின் டி கிடைப்பதற்கு. எங்களைப் போன்ற கறுப்புத் தோலுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை என்று வைத்தியர் சொன்ன பிறகும் அக்கா போத்தலை வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தார். நான் தினமும் காலையில் கரண்டியோடு நின்றேன். சின்ன வயதில் அவர் எனக்கு வேப்பெண்ணெய் பருக்கியதற்குப் பழி தீர்த்தேன் என்று சொல்லலாம்.

ஒக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை குடியிருப்பில் 'டுக்னாட்' நடந்தது. எங்கள் சிரமதானமேதான். எல்லா வீட்டுக்காரரும் இறங்கி இலை கூட்டி, பீலியில் அடைத்த குப்பையை எடுத்து, சைக்கிள் கொட்டிலைத் துப்புரவாக்கி, முடிவில் ஒன்றாக நின்று கோப்பியும் வாஃபிளும் சாப்பிடுவது. காசு இல்லை, கட்டாயமும் இல்லை. ஆனால் வராதவரை எல்லோரும் கவனித்திருப்பார்கள். சமூகவியல் படித்தவளுக்கு இது நல்ல தீனி. கூச்ச சுபாவமுள்ள ஒரு சமூகம், ஆளை ஆள் பார்க்க ஒரு வேலையைக் காரணமாக வைத்துக்கொள்கிறது. அத்தான் இருந்த காலத்தில் அவர்தான் போவாராம். இந்த முறை அக்கா என்னோடு இறங்கினார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று முதல்நாள் இரவு நாற்பது மீன் றோல் சுட்டோம். எண்ணெய்ப் புகைக்குப் புகையுணரி மணி இரண்டு தரம் அலறியது. எல்லா வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று சட்டம். கீழ்வீட்டு அம்மா தடியை ஊன்றிக்கொண்டு மேலே வந்து, தீயா சாப்பாடா என்று கேட்டார்.

றோல் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாம் மாடியில் இருக்கும் ஓர் இளம் தாய் அக்காவிடம் செய்முறை கேட்டார். அடுத்த கிழமை அவர் வீட்டில் 'போரிக்கோல்' சாப்பிட எங்களைக் கூப்பிட்டார். அது நோர்வேயின் தேசிய உணவு. 1972இல் வானொலி நேயர்கள் தெரிவு செய்தது, 2014இல் மறுபடியும் அதுவே வென்றது. செய்வது மிகச் சுலபம். எலும்போடு ஆட்டிறைச்சி ஓர் அடுக்கு, பெரிதாக வெட்டிய கோவா ஓர் அடுக்கு, இடையிடையே உப்பும் முழு மிளகும். இப்படி அடுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, சிறு நெருப்பில் இரண்டரை மணித்தியாலம் விட்டுவிட வேண்டியது. அவித்த உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்கள். முதல் வாயில் எனக்குச் சப்பென்று இருந்தது. நாலாவது வாயில் மிளகு தொண்டைக்குள் இறங்க, வெளியே மழை அடிக்க, இது மழைக்கென்றே செய்த சாப்பாடு என்று விளங்கியது. அக்கா வீட்டுக்கு வந்து மறுநாள் இஞ்சி, உள்ளி, ஒரு துண்டு கறுவா சேர்த்துத் தன் முறையில் வைத்தார். அது இன்னும் நன்றாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒக்டோபர் 29ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார்கள். ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் கடைசி ஞாயிறில் இது நடக்கும். முதல்நாள் ஆறு மணிக்குள் வந்த இருட்டு அன்று ஐந்து மணிக்கு முன்பே வந்துவிட்டது. அக்கா இதற்குத்தான் பயந்தவர். மறுநாள் 30ஆம் திகதி. அந்தத் திகதியை எங்கள் பக்கத்து வாசகிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1995இல் அதே நாள் இரவு வலிகாமத்தில் இருந்து எல்லோரும் வெளிக்கிட்டோம். எனக்கு ஏழு வயது. நாவற்குழிப் பாலத்தடியில் மழை. ஆட்கள் அசைய இடமில்லை. அக்கா குடையைக் கவிழ்த்துப் பிடித்து ஏந்திய மழைத்தண்ணீரைக் குடித்தது மட்டும் ஞாபகம்.

அன்று பின்னேரம் வேலையால் வந்த அக்கா திரையை மூடவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கம்பளிக் காலுறையோடு சாய்மனையில் இருந்து, மல்லியும் சுக்கும் வறுத்து இடித்த கோப்பி குடித்தோம். அக்கா அந்த இரவைப் பற்றிக் கதைத்தார். நான் தோளில் நித்திரை கொண்டதையும், ஒரு கிழவி பாலத்தடியில் இருந்துவிட்டதையும், அந்தக் கிழவிக்கு நின்று தண்ணீர் கொடுக்காமல் வந்ததையும் சொன்னார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன். "ஒவ்வொரு வருசமும் இந்த இருட்டும் மழையும் சேர்ந்து வரேக்க அவதான் ஞாபகத்துக்கு வாறா" என்றார். முதியோர் இல்லத்தில் கிழவிகளுக்குத் தண்ணீர் பருக்கும் வேலையை அக்கா ஏன் விடாமல் செய்கிறார் என்று நான் அதற்குமுன் யோசித்ததில்லை.

அன்று விளக்கு ஏற்றவில்லை. அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

நொவெம்பரில் நகர நடுவில் 'பெப்பர்காக்கர் நகரம்' பார்க்கப் போனோம். இஞ்சி, கறுவா, கராம்பு போட்டுச் சுட்ட பிஸ்கட்டால் வீடு, தேவாலயம், கப்பல், ரயில் என்று ஒரு முழுக் குட்டி நகரம். 1991இல் இருந்து ஒவ்வொரு வருடமும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளும் குடும்பங்களும் சேர்ந்து செய்கிறார்கள். 2009 நொவெம்பரில், திறப்பதற்குச் சில நாள் இருக்க, யாரோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிட்டார்களாம். நகரமே கவலைப்பட்டு, எல்லோரும் திரும்பச் சுட்டுத் திரும்பக் கட்டினார்களாம். ஒரு வழிகாட்டிப் பெண் இதை உருக்கமாகச் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. 2009 நொவெம்பரில் நானும் அம்மாவும் செட்டிகுளம் முகாமில் ஒரு கூடாரத்துக்குள் தண்ணீர் வராமல் மண் அணை கட்டிக்கொண்டிருந்தோம். பிஸ்கட் வீட்டுக்கு அழுகிறார்களே என்று அக்காவிடம் தமிழில் சொன்னேன். அக்கா ஒரு சின்ன வீட்டைக் காட்டினார். சுவர் கோணல், கூரை வெடித்து, சீனிப்பாகு வழிந்து கிடந்தது. யாரோ நாலு வயதுப் பிள்ளை செய்தது. உள்ளே ஒரு சின்ன மின்குமிழ் எரிந்தது. "இதைத் திரும்பச் செய்யச் சொல்லிப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கினம். அது நல்லதுதானே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கார்த்திகை விளக்கீடு அந்த வருடம் நொவெம்பர் கடைசியில் வந்தது. அந்த நாட்களில் காலை ஒன்பது மணிக்குத்தான் விடியும். பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஊரில் என்றால் வாசலில் வாழைக்குற்றி நட்டு விளக்கு வைத்து, வேலியோரம், கிணற்றடி, மாட்டுக்கொட்டில் எல்லாம் பந்தம் குத்துவோம். மூன்றாம் மாடியில் வாழைக்குற்றிக்கு எங்கே போவது? அக்கா சுவாமி அறையில் இருந்த சிட்டிகள் ஐந்தை எடுத்துக் கழுவினார். நல்லெண்ணெய் விட்டார். ஒரு பீங்கான் தட்டில் அடுக்கி, குசினி யன்னலில் இருந்த திரைச்சீலையை முழுதாகக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, யன்னல்கரையில் வைத்து ஏற்றினார். எரியும் வரை அவ்விடம் விட்டு அசையவில்லை. கீழ்வீட்டு அம்மா முதலே சொல்லியிருந்தார்: நெருப்பை ஏற்றிவிட்டு அறையைவிட்டு வெளியே போகாதே. எண்ணெய் முடிந்து திரி அணைந்ததும் அந்த இடத்தில் ஒரு சின்ன மேசைவிளக்கை வைத்து அழுத்தினார்.

நெருப்பைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்கள் பலர் மின்சாரம் போனால் இன்றும் பழைய போத்தலில் திரி போட்ட விளக்கைத்தான் எடுக்கிறார்கள். அது பூனை தட்டினாலும் விழும். விழுந்தால் எண்ணெய் சிந்தித் தீ பிடிக்கும். டொக்டர் விஜய கொடகும்புர என்ற எங்கள் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர், விளக்கு விழுந்து எரிந்து வந்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் 'சுதீப' என்ற விளக்கைச் செய்தார். குட்டையான தடித்த கண்ணாடி, முறுக்கும் மூடி, உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கு கையில் இல்லாவிட்டால், அடி அகன்ற, பாரமான, முறுக்கு மூடியுள்ள குட்டைப் போத்தலையாவது தெரிவு செய்யுங்கள். கூதலுக்காகக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டும் படுக்காதீர்கள்; கரிப்புகை மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

நான் திரும்பி வந்தபோது இங்கே மாரி. கம்பளியும் வாஃபிளும் எங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஓர் அறைக் கணக்கு பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் குழுவில் இருக்கும் ஓர் அம்மாவின் வீட்டில் நாலு இடத்தில் ஒழுக்கு. முழுக் கூரையும் மாற்றக் காசில்லை. ஒரு மூலைக்கு மட்டும் தறப்பாளை இரண்டாக மடித்து உள்ளே கட்டினோம். அந்த மூலையில் பலகையைக் கல்லின்மேல் உயர்த்திப் படுக்கை, நுளம்புவலை, பிள்ளைகளின் கொப்பிகளைப் பெரிய பொலித்தீன் பைக்குள் கட்டி ஆணியில் தூக்கி வைத்தோம். பொச்சையும் கொக்கராவையும் ஐப்பசிக்கு முன்பே அடுப்படிப் பரணில் ஏற்றிவிட்டார். 2024 நொவெம்பர் கடைசியில் பெருமழை கொட்டி வடக்கும் கிழக்கும் வெள்ளமானபோது முற்றத்தில் முழங்கால் தண்ணீர். ஆனால் அந்த மூலை நனையவில்லை. பின்னேரம் நான் போனபோது நாலு வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் நெருக்கிக்கொண்டிருந்து அவித்த கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்கோ மிஸ், காலைத் துடைச்சுப்போட்டு ஏறுங்கோ" என்று ஒரு வாண்டு கட்டளையிட்டது.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பார். ஒருமுறை குரலில் ஒரு பதற்றம் தெரிந்தது.

"நேற்று வேலையால வரேக்க கீழ்வீட்டு அம்மான்ர யன்னல் இருட்டாக் கிடந்தது. ஒருநாளும் அப்பிடி இல்லை. நெஞ்சு பக்கெண்டிட்டுது. ஓடிப்போய்த் தட்டினன்."

"என்னவாம் அக்கா?"

"ஒண்டுமில்லை. புத்தகத்தோட நித்திரையாப் போனாவாம். எழும்பி வந்து, நீ தட்டுவாய் எண்டு தெரியும் எண்டிட்டு, லைற்றைப் போட்டுக் கோப்பி ஊத்தினா. பத்து மணிமட்டும் இருந்திட்டு வந்தன்."